தரவுப்படத்தைப் பலர் முன் வைப்பது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பினாங்கில் எங்கள் வட்டாரத் தமிழர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில், சில ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு பட்டைப்படத்தைப் பகிர்ந்தேன். 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசியக் குடிமக்களுள் இந்தியர்களின் பங்கு 7.3 விழுக்காடு, 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது 6.7 விழுக்காடு. இரண்டு எண்கள், இரண்டு பட்டைகள், அவ்வளவுதான். எண்களை நான் இரண்டு முறை சரிபார்த்திருந்தேன். ஆனால் படத்தில் இரண்டாவது பட்டை, முதல் பட்டையின் மூன்றில் ஒரு பங்கு உயரமே இருந்தது. விரிதாள் மென்பொருள் செங்குத்து அச்சைத் தானாகவே 6.4இல் தொடங்கியிருந்ததால், முதல் பட்டைக்கு 0.9 அளவு உயரமும் இரண்டாவதற்கு 0.3 அளவு உயரமும் கிடைத்திருந்தன. அன்று மாலைக்குள் அந்தப் படம் வேறு சில குழுக்களுக்குப் போய், பத்தே ஆண்டில் நம் இனம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது என்ற வரியோடு என்னிடமே திரும்பி வந்தது. ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் மட்டும் தொலைபேசியில் அழைத்து, "தம்பி, ஏழு புள்ளி மூணுக்கும் ஆறு புள்ளி ஏழுக்கும் இவ்வளவு வித்தியாசமா? நான் எண்ணை நம்புறதா, படத்தை நம்புறதா?" என்று கேட்டார்.

உண்மையில் குறைந்தது பங்கு மட்டுமே, எண்ணிக்கை அன்று. நாட்டின் மொத்த மக்கள்தொகை 2010இல் 28.3 மில்லியனாக இருந்து 2020இல் 32.4 மில்லியனாக வளர்ந்தது. அந்த வளர்ச்சியில் பூமிபுத்ரா மக்களின் (மலாய்க்காரர்களும் பிற பூர்வகுடியினரும்) எண்ணிக்கை நம்மைவிட வேகமாகப் பெருகியதால் நம் விழுக்காடு இறங்கியதே தவிர, ஏறத்தாழ 19 லட்சமாக இருந்த இந்தியக் குடிமக்களின் எண்ணிக்கை சற்றுக் கூடி 20 லட்சத்தை ஒட்டி வந்திருந்தது. என் படம் இதை மறைத்துவிட்டது. மறைக்கும் எண்ணம் எனக்கு இல்லை என்பது உண்மைதான். ஆனால் படத்தைப் பார்த்துக் கவலைப்பட்ட ஒருவருக்கு அதனால் என்ன பயன்?

ஆகவே, தரவுப்படம் ஒன்றைப் பலர் முன் வைக்கும்போது, அதைச் சரிபார்ப்பதற்கான வழியையும் சேர்த்தே வைக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது. இதுவரை ஒரு படம்கூட வரைந்திராதவர்களையும், வரைந்ததைப் பகிரத் தயங்குகிறவர்களையும் மனத்தில் வைத்து, செய்யும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் கேள்வி, பிறகுதான் தரவு

மென்பொருளைத் திறப்பதற்கு முன், உங்கள் படம் எந்தக் கேள்விக்கு விடை சொல்லப் போகிறது என்பதை ஒரே வாக்கியத்தில் தாளில் எழுதுங்கள். "பினாங்கில் கோழி விலை" என்பது கேள்வி அன்று, அது தலைப்பு. "விலைக் கட்டுப்பாடு நீங்கிய 2023 நவம்பர் 1ஆம் நாளுக்குப் பிறகு, செபராங் பிறைச் சந்தைகளில் ஒரு கிலோ சுத்தம் செய்த கோழியின் விலை எப்படி மாறியது?" என்பது கேள்வி. இதில் இடம் இருக்கிறது, பொருள் இருக்கிறது, அலகு இருக்கிறது, காலம் இருக்கிறது. இந்த நான்கும் எழுதப்பட்டுவிட்டால் எந்தத் தரவைத் தேடுவது, எந்த வகைப் படத்தை வரைவது என்பதில் பாதி முடிவாகிவிடும். கேள்வி எழுதாமல் வரையத் தொடங்கியவர்கள், கையில் கிடைத்த எல்லாவற்றையும் ஒரே படத்தில் திணித்துவிடுவதைத்தான் நான் மீண்டும் மீண்டும் பார்க்கிறேன்.

தரவை எங்கே எடுப்பது

மலேசியாவில் இதற்குப் பெரிய அலைச்சல் இல்லை. மலேசியப் புள்ளிவிவரத் துறையின் ஓப்பன்டோஸ்ம் தளம் 2022இல் தொடங்கப்பட்டது; அரசாங்கத்தின் பொதுத் தரவுத் தளமும் தனியே இருக்கிறது. மக்கள்தொகை, விலைவாசி, வேலைவாய்ப்பு, எரிபொருள் விலை, இலகு ரயிலிலும் எம்ஆர்டியிலும் நாள்தோறும் பயணம் செய்வோர் எண்ணிக்கை எனப் பலவற்றையும் அங்கே இலவசமாகப் பதிவிறக்கலாம். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு பிரைஸ்கேட்சர் திட்டத்துக்காகச் சந்தைகளிலும் பேரங்காடிகளிலும் திரட்டும் அன்றாடப் பொருள் விலைகளும் கிடைக்கின்றன. ஓப்பன்டோஸ்ம் தரவுகள் கிரியேட்டிவ் காமன்ஸ் பெயர்க்குறிப்பு 4.0 உரிமத்தின்கீழ் வெளியிடப்படுபவை. எடுத்து ஆளலாம், மாற்றி வரையலாம், ஆனால் எங்கிருந்து எடுத்தோம் என்பதைக் குறிப்பிட வேண்டும்.

பதிவிறக்கிய கோப்பை அப்படியே ஒரு பிரதி எடுத்து, பதிவிறக்கிய தேதியைப் பெயரில் சேர்த்து, தொடாமல் வைத்துவிடுங்கள். திருத்துவதும் கணக்கிடுவதும் மற்றொரு பிரதியில் நடக்கட்டும். பின்னாளில் ஒருவர் "இந்த எண் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால், அந்தத் தொடாத கோப்புதான் உங்கள் சாட்சி. தமிழ் எழுத்துகள் உள்ள சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த எளிய தரவுக் கோப்பு) எக்செலில் நேரடியாகத் திறந்தால் எழுத்துகள் சிதைந்து தெரியக்கூடும். தரவு கெட்டுப்போனதாக எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. எக்செலின் இறக்குமதி வழியாகத் திறந்து, குறியாக்கத்தை யூடிஎஃப்-8 எனத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

வரைவதற்கு முன் ஒவ்வொரு நிரலையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கிப் பாருங்கள். கிலோ 9.40 ரிங்கிட் எனப் பதிவாக வேண்டிய கோழி எங்கேனும் 94 ரிங்கிட் என்று பதிவாகியிருந்தால் அது கடைசி வரியில் வந்து நிற்கும். அப்படி ஒன்று சிக்கினால் ஓசையில்லாமல் நீக்கிவிடாமல், நீக்கியதை ஒரு வரியில் குறித்துக்கொள்ளுங்கள்; அந்த வரி பின்னர் படத்தோடு போக வேண்டும்.

எதன் விழுக்காடு?

புதியவர்களின் படங்களில் மிகுதியாகப் பிழை நேர்வது இந்த இடத்தில்தான். பள்ளியில் நாம் படித்த பின்னத்தின் பகுதி எண் (கீழே நின்று வகுக்கும் எண்) எது என்பதைப் படம் சொல்ல வேண்டும். மேலே சொன்ன 6.7 விழுக்காடு, குடிமக்களுள் இந்தியர்களின் பங்கு. நாட்டில் வாழும் குடிமக்கள் அல்லாதவர்களையும் சேர்த்து மொத்த மக்கள்தொகையால் வகுத்தால் விழுக்காடு இன்னும் குறையும். இரண்டும் சரியான கணக்குகளே, ஆனால் ஒன்றின் எண்ணை மற்றொன்றின் தலைப்போடு போட்டால் அது பொய்யாகிவிடும்.

சராசரியிலும் இதே சிக்கல் உண்டு. 2022ஆம் ஆண்டு குடும்ப வருமான ஆய்வின்படி மலேசியக் குடும்பங்களின் மாத வருமான இடைநிலை அளவு 6,338 ரிங்கிட், சராசரி 8,479 ரிங்கிட். ஆய்வு ஒன்று, ஆண்டு ஒன்று, வேறுபாடோ இரண்டாயிரம் ரிங்கிட்டுக்கு மேல். வருமானம் மிக அதிகமாக உள்ள சில குடும்பங்கள் சராசரியை மேலே இழுத்துவிடுகின்றன. இடைநிலை அளவோ, எல்லாக் குடும்பங்களையும் வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம். எங்கள் குழுவில் இருவர் இந்த இரண்டு எண்களையும் வைத்துக்கொண்டு இரண்டு நாள் வாதிட்டார்கள். இருவர் சொன்னதும் உண்மை. தாம் எந்த அளவைச் சொல்கிறோம் என்று மட்டும் இருவரும் எழுதவில்லை. அது குடும்ப வருமானமா, தனியாள் சம்பளமா என்பதையும் அப்போது யாரும் கேட்கவில்லை.

எண்களின் அலகையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். மலேசியத் தமிழர்கள் மில்லியன் என்றும் சொல்வோம், லட்சம் என்றும் சொல்வோம். கட்டுரையில் இரண்டும் கலந்து வந்தால் வாசகர் சமாளித்துக்கொள்வார். ஒரே படத்தில் ஓர் அச்சு மில்லியனிலும் குறிப்பு லட்சத்திலும் இருந்தால் பார்ப்பவர் தடுமாறிப் போவார்.

எந்தப் படம் எதற்கு

1984இல் புள்ளியியலாளர்களான வில்லியம் கிளீவ்லாண்டும் ராபர்ட் மெக்கிலும் படங்களை மனிதக் கண் எவ்வளவு துல்லியமாக அளக்கிறது என்று ஆராய்ந்து ஒரு தரவரிசை தந்தார்கள். பொதுவான ஓர் அளவுகோலின் மேல் உள்ள புள்ளிகளின் இடத்தை ஒப்பிடுவதில் நமக்குப் பிழை குறைவு. கோணத்தையும் பரப்பையும் ஒப்பிடுவதில் பிழை கூடுகிறது. நிறத்தின் அடர்த்தியை வைத்து அளவை ஊகிப்பதில் மேலும் கூடுகிறது. ஐந்தாறு துண்டுகளுக்கு மேல் உள்ள வட்டப்படத்தைத் தவிர்க்கச் சொல்வது இதனால்தான். அதே எண்களைக் கிடைநிலைப் பட்டைகளாகப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால், எது பெரியது என்பதைச் சிறுவர்களும் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்கள்.

பட்டைப்படத்தில் கண் அளப்பது நீளத்தை. ஆகவே அதன் அச்சு சுழியத்தில்தான் தொடங்க வேண்டும். இதற்கு விலக்கே இல்லை என்பது என் உறுதியான கருத்து. கோட்டுப்படத்தில் கண் பார்ப்பது ஏற்ற இறக்கத்தை என்பதால் அங்கே சுழியம் கட்டாயமன்று, ஆனால் அச்சு எங்கே தொடங்குகிறது என்பது தெளிவாகத் தெரிய வேண்டும். என்னுடைய 7.3, 6.7 படத்தைச் சுழியத்தில் தொடங்கி மறுபடி வரைந்தபோது இரண்டு பட்டைகளும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் நின்றன. பார்க்க விறுவிறுப்பாக இல்லைதான். ஆனால் நடந்தது அதுதான்.

நிலப்படம் எல்லாருக்கும் பிடிக்கும். மலேசியாவை மாநிலவாரியாக வண்ணமிட்டுப் பார்ப்பதில் ஒரு மகிழ்ச்சி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் சரவாக்கின் பரப்பளவு 1 லட்சத்து 24 ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல்; பினாங்கின் பரப்பளவு சுமார் 1,050 சதுர கிலோமீட்டர். நிலத்தில் நூறு மடங்குக்கு மேல் பெரிய சரவாக்கில் 2020 கணக்கெடுப்பின்படி வாழ்ந்தவர்கள் சுமார் 24 லட்சத்து 50 ஆயிரம் பேர், பினாங்கில் சுமார் 17 லட்சத்து 40 ஆயிரம் பேர். ஒன்றரை மடங்குகூட இல்லை. கோலாலம்பூரோ 243 சதுர கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ 20 லட்சம் பேரைக் கொண்டு, நிலப்படத்தில் ஊசிமுனை அளவுக்கு மறைந்துவிடுகிறது. மக்களைப் பற்றிய செய்தியை நிலத்தின் பரப்பில் பூசினால், யாரும் வாழாத காடு பேசும், நெரிசலான நகரம் ஊமையாகிவிடும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரே அளவுள்ள கட்டம் கொடுத்து, புவியியல் வரிசையில் அடுக்கிய கட்டப்படம் ஒரு நல்ல மாற்று. இடம் உங்கள் கேள்வியிலேயே இல்லையென்றால் பட்டைப்படமே போதும்.

எங்கே தொடங்குகிறது உங்கள் கோடு?

இந்தப் படியில் சற்று நின்று பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மலேசியாவில் பதிவான டிங்கி காய்ச்சல் சம்பவங்களை எடுத்துக்கொள்வோம். 2019இல் 130,101, 2020இல் 90,304, 2021இல் 26,365, 2022இல் 66,102, 2023இல் 123,133. இந்த ஐந்து எண்களையும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

2021இல் தொடங்கிக் கோடு வரைந்தால் இரண்டே ஆண்டுகளில் டிங்கி நான்கரை மடங்குக்கு மேல் உயர்ந்துவிட்டது. 2019ஐயும் 2023ஐயும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஐந்து விழுக்காட்டுக்குச் சற்று மேல் குறைந்திருக்கிறது. இரண்டிலும் ஓர் எண்கூடப் பொய்யில்லை. முதல் படத்தைப் பார்த்தவர் அண்டை வீட்டாரைத் திட்டுவார், இரண்டாவதைப் பார்த்தவர் பூச்சாடியில் தேங்கிய நீரைக் கொட்ட மறந்துவிடுவார். ஐந்து ஆண்டுகளையும் வரைந்து, 2020 மார்ச் 18இல் கோவிட் பெருந்தொற்றுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதை ஒரு மெல்லிய செங்குத்துக் கோட்டால் குறித்தால்தான், நடுவில் உள்ள பள்ளம் வழக்கமான காலத்தைச் சேர்ந்ததன்று என்பது தெரியும். அந்தப் பள்ளத்தில் எவ்வளவு பங்கு நோய் குறைந்ததால், எவ்வளவு பங்கு மக்கள் கிளினிக்குகளுக்குப் போகாததால் என்பதைப் படம் சொல்லாது. ஆகவே அதைப் படத்தின் பேரில் நாமும் சொல்லக்கூடாது. "பதிவான சம்பவங்கள்" என்பதில் "பதிவான" என்ற முதற்சொல்லை விட்டுவிடாமல் எழுதுவது இதற்காகத்தான்.

அதே ஆண்டுகளின் இறப்பு எண்களையும் சேர்க்க விரும்புவீர்கள்: 2019இல் 182, 2023இல் 100. சம்பவங்களுக்கு இடப்பக்கம் ஓர் அச்சும் இறப்புகளுக்கு வலப்பக்கம் மற்றோர் அச்சும் வைத்து ஒரே படத்தில் வரைவதை மென்பொருள்கள் எளிதாக்கிவிட்டன. அதைச் செய்யாதீர்கள். இரண்டு அச்சுகளின் அளவையும் நாமே விரும்பியபடி நீட்டிச் சுருக்கலாம் என்பதால், இரண்டு கோடுகளும் எங்கே வெட்டிக்கொள்ளும் என்பது தரவின் முடிவாக இல்லாமல் நம் முடிவாகிவிடுகிறது. மேலே ஒரு படம், கீழே ஒரு படம், இரண்டுக்கும் ஆண்டுகள் நேருக்கு நேர் என்று வைத்தால் குழப்பம் இல்லை.

விலைப்படங்களிலும் இதே கவனம் வேண்டும். தீபகற்ப மலேசியாவில் கோழியின் உச்சவரம்பு விலை 2022 ஜூலை 1 முதல் கிலோ 9.40 ரிங்கிட்டாக நிர்ணயிக்கப்பட்டிருந்தது. அந்தக் காலத்தில் கோடு மேலே ஏறாமல் நிற்பதைப் பார்த்து, வரத்து சீராக இருந்தது என்று ஒருவர் எழுதிவிடலாம். விலையை நிறுத்தி வைத்தது சட்டம். அந்தக் காலத்தை வெளிர்நிறப் பட்டையாக அடையாளமிட்டு, "விலைக் கட்டுப்பாடு" என்று இரண்டு சொல் எழுதிவிட்டால் போதும்.

கொம்பு இடம் மாறினால்

தமிழில் படம் வரைகிறவர்களுக்கு மட்டும் உரிய ஒரு தொல்லை உண்டு. பைத்தான் நிரல்மொழியின் படம் வரையும் தொகுப்பான மேட்பிளாட்லிப் கொண்டு முதன்முதலில் மாநிலப் பெயர்களைத் தமிழில் இட்டபோது, எல்லா இடத்திலும் வெற்றுக் கட்டங்களே வந்தன, ஏனென்றால் அதன் இயல்பு எழுத்துருவில் தமிழ் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைச் சுட்டிக்காட்டியதும் எழுத்துகள் வந்தன. பகாங், சபா, சரவாக், மலாக்கா ஆகியவை சரியாக இருந்தன. ஆனால் கெடாவில் ஒற்றைக் கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. பேராக், பெர்லிஸ், நெகிரி செம்பிலான், திரெங்கானு, ஜொகூர் என்று கொம்பு உள்ள பெயர்கள் எல்லாம் இப்படியே குலைந்திருந்தன. எகர, ஏகார, ஐகார, ஒகர, ஓகார உயிர்மெய்களில் குறியீட்டை எழுத்துக்கு இடப்பக்கம் நகர்த்தி அமைப்பது, எழுத்துருவோடு சேர்ந்து செயல்படும் எழுத்துக்கோப்பு இயந்திரத்தின் வேலை. அந்த இயந்திரம் இல்லாத வரைகருவி, குறியீடுகளைத் தட்டச்சான வரிசையிலேயே அடுக்கிவிடுகிறது.

இதற்கு வழி இருக்கிறது. படத்தை எஸ்விஜி வடிவில், எழுத்தை உருவமாக மாற்றாமல் எழுத்தாகவே வைத்துச் சேமித்து, உலாவியில் திறந்தால் தமிழ் சரியாக அமையும். அங்கிருந்து படமாக எடுத்துக்கொள்ளலாம். ஆர் நிரல்மொழியில் வரைகிறவர்கள் ராக் (ragg) தொகுப்பின் வழியாகச் சேமித்தால் சிக்கல் வராது. நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை: கூகுள் ஷீட்ஸ், டேட்டாரேப்பர், ஃப்ளரிஷ் போன்றவை உலாவியில் இயங்குவதால் தமிழைப் பிழையின்றிக் காட்டுகின்றன. புதியவர்கள் டேட்டாரேப்பரில் தொடங்குவது நல்லது என்பேன். ஆப்பிள் கணினி வைத்திருப்பவர்களுக்கு மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதி எழுத்துரு கணினியோடே வருகிறது. எந்தக் கருவியானாலும், பகிர்வதற்கு முன் ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். கொம்பு குலைந்த படத்தைப் பார்த்து, தமிழில் இதெல்லாம் சரிப்படாது என்று ஓர் இளைஞர் முடிவுகட்டிவிட்டால், அந்த இழப்பு ஒரு படத்தோடு நிற்பதில்லை.

நிறத்தைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் ஆண்களில் கணிசமானோர். இருபது ஆண்கள் உள்ள குழுவில் ஒருவராவது இருக்கக்கூடும். சிவப்பு, பச்சை ஆகிய இரண்டை மட்டும் நம்பி வேறுபாடு காட்டாமல், நீலமும் செம்மஞ்சளும் போன்ற இணைகளைத் தேர்ந்தெடுங்கள். கோடுகளின் பெயரைத் தனிக்கட்டத்தில் எழுதுவதைவிடக் கோட்டின் முனையிலேயே எழுதிவிட்டால் நிறத்தின் சுமை பாதியாகக் குறையும்.

அனுப்பும் முன்

படம் கணினியில் பெரிதாகத் தெரியும். பார்ப்பவர் அதைக் கைப்பேசியில், பேருந்தில் நின்றுகொண்டு பார்ப்பார். உங்கள் கைப்பேசிக்கே முதலில் அனுப்பி, பெரிதாக்காமல் எழுத்தைப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். புலனம் படங்களைச் சுருக்கி அனுப்புவதால் சிறிய எழுத்துகள் மங்கிவிடும். பிஎன்ஜி வடிவில் சேமித்து, படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பினால் தெளிவு கெடாது.

ஆதாரம், காலம், அலகு, பகுதி எண் ஆகியவற்றைப் படத்துக்குக் கீழே தனிச் செய்தியாக எழுதாமல், படத்தின் உள்ளேயே எழுதுங்கள். பகிரப்படும்போது செய்தி உதிர்ந்துவிடும், படம் மட்டுமே பயணம் செய்யும். என் இரண்டு பட்டைகளுக்கு நேர்ந்தது அதுதான். தலைப்பு, படம் காட்டுவதைச் சொல்லட்டும்: "டிங்கி சம்பவங்கள் 2023இல் மீண்டும் 2019 அளவை நெருங்கின" என்பது, "டிங்கி நிலவரம்" என்பதைவிடப் பயனுள்ளது. படத்தோடு எண்கள் உள்ள விரிதாளின் இணைப்பையும், நீங்கள் நீக்கியதும் மாற்றியதும் என்ன என்ற இரண்டு மூன்று வரிகளையும் சேர்த்து அனுப்புங்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காகப் படம் சொல்வதை ஓரிரு வாக்கியங்களில் எழுதிவிடுவதும் நல்லது. அந்த வாக்கியங்களை எழுத முடியாமல் திணறினால், படத்தில்தான் ஏதோ தெளிவில்லை என்று பொருள்.

எல்லாத் தரவும் பகிர்வதற்குரியதன்று. 1854இல் இலண்டன் புரோட் தெருவில் காலரா பரவியபோது மருத்துவர் ஜான் ஸ்னோ, இறப்பு நிகழ்ந்த வீடுகளை நிலப்படத்தில் குறித்து, அவை ஒரு தண்ணீர்க் குழாயைச் சுற்றி நெருங்கியிருப்பதைக் காட்டினார். அந்தப் படத்தின் பெருமை பெரிது. ஆனால் இன்று உங்கள் குடியிருப்பில் டிங்கி கண்டவர்களின் வீடுகளை அதேபோல் புள்ளியிட்டுக் குழுவில் போட்டால், எந்த வீட்டில் யார் நோயாளி என்பதை நூறு பேர் அறிந்துவிடுவார்கள். சிறிய தமிழ்ப்பள்ளியில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் படிக்கும் ஒரு வகுப்பின் உதவிநிதி விவரத்தைப் படமாக்கினாலும் இதே கதைதான். பட்டையில் "2" என்று இருந்தால் அந்த இரண்டு பிள்ளைகள் யார் என்று ஊரே சொல்லிவிடும். மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, பெரும்பாலும் வணிக நடவடிக்கைகளைப் பற்றியது. அது எட்டாத இடத்திலும் அந்தப் பிள்ளைகளின் மானம் நம் பொறுப்பு. சிறிய எண்களை ஒன்றுசேர்த்தோ மறைத்தோ காட்டுங்கள்.

பேசுவதும் திருத்துவதும்

பிறர் பகிர்ந்த படத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லும்போது, முதலில் நீங்கள் அதிலிருந்து புரிந்துகொண்டதைச் சொல்லுங்கள். "இந்தப் படத்தின்படி 2021க்குப் பிறகு டிங்கி பெருகியிருக்கிறது என்று புரிந்துகொள்கிறேன், சரியா?" என்று தொடங்கினால், வரைந்தவர் தம் படம் எப்படிப் படிக்கப்படுகிறது என்பதை அறிகிறார். அடுத்துக் கேள்வி: "தொடக்க ஆண்டாக 2021ஐ எடுத்த காரணம் என்ன? 2019ஐச் சேர்த்தால் எப்படி இருக்கும்?" "இது தவறு" என்ற ஒற்றை வரி யாருக்கும் எதையும் கற்பிப்பதில்லை. முடிந்தால் அதே கோப்பை எடுத்து நீங்களே மறுபடி வரைந்து, மூலப் படத்தை வரைந்தவரைக் குறிப்பிட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரு மறுவரைவு பத்துப் பதில்களின் வேலையைச் செய்துவிடும்.

மூத்தவர் ஒருவரின் படத்தில் பிழை இருந்தால் எங்கள் குழுவில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். முதலில் அவருக்குத் தனியாக, "ஐயா, அச்சு 6.4இல் தொடங்குகிறது, கவனித்தீர்களா?" என்று எழுதுகிறோம்; திருத்தத்தை அவரே பொதுவில் வெளியிட இடம் தருகிறோம். மறுநாள்வரை எதுவும் நடக்காவிட்டால், படம் அதற்குள் பரவிவிடும் என்பதால், பெயர் சொல்லாமல் சரியான படத்தைப் பொதுவில் வைக்கிறோம். இனம், சமயம் பற்றிய எண்கள் என்றால் மறுநாள்வரை காத்திருப்பதுகூட நீண்ட நேரம். அத்தகைய படங்களை வெளியிடுவதற்கு முன்பே, வேறு இனத்து நண்பர் ஒருவரிடம் காட்டி, "இதைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்டுவிடுங்கள். எனக்குப் புலப்படாத இரண்டு கோணல்களை அப்படி ஒரு மலாய் நண்பர்தான் எனக்குக் காட்டினார்.

உங்கள் படத்தை யாரேனும் திருத்தினால், படத்தை அழித்துவிட்டு அமைதியாக இருந்துவிடாதீர்கள். அழித்தது உங்கள் குழுவில் மட்டும்தான். வெளியே போன பிரதிகள் அப்படியே இருக்கும். திருத்திய படத்தின் மேல் மூலையில் "திருத்தம் 1" என்றும் தேதியும் எழுதி, முன்பு என்ன பிழை இருந்தது என்பதை ஒரு வரியில் சொல்லி, பழைய படத்துக்குப் பதிலளிக்கும் செய்தியாகவே வெளியிடுங்கள். முன்பு யார் யாருக்கு நேரடியாக அனுப்பினீர்களோ அவர்களுக்கும் அனுப்புங்கள்.

என் இரண்டு பட்டைகளை அந்த ஆசிரியர் அழைத்த அன்றிரவே மறுபடி வரைந்தேன். இடப்பக்கம் விழுக்காடு, சுழியத்தில் தொடங்கும் அச்சோடு. வலப்பக்கம் எண்ணிக்கை, அதுவும் சுழியத்தில் தொடங்கி. கீழே "குடிமக்கள் மட்டும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2010, 2020, மலேசியப் புள்ளிவிவரத் துறை" என்ற ஒரு வரி. பழைய படம் இன்றும் எப்போதாவது யாரோ ஒருவரின் கைப்பேசியிலிருந்து எங்களிடம் வந்து சேர்கிறது. ஒவ்வொரு முறையும் அனுப்பியவருக்குத் திருத்திய படத்தையும் எண்கள் உள்ள கோப்பையும் பதிலாக அனுப்பி, அதை எங்கிருந்து பெற்றார் என்று கேட்டு, அங்கேயும் சேர்த்துவிடும்படி வேண்டிக்கொள்கிறேன்.